கத்திரிப்பூ முடிக்காரியும் ஜப்பான் அண்ணாச்சியும்

கருப்பு வெள்ளைப் படத்தில் கலர் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர், நானறிந்த சென்னையில், ஜப்பான் அண்ணாச்சிதான். இதைப் படித்துவிட்டுக் கண் டாக்டர்கள் யாராவது மறுப்புக் கடிதம் எழுதினாலும் எழுதலாம். எழுதட்டும். தொண்ணூறுகளின் நடுவில், மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் மேன்ஷனின் பதினாலாம் நம்பர் அறையில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தால் அவர்களும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டிருப்பார்கள்.

"அதா, அந்தப் புள்ள முடி இருக்கு பாரு. அது கருப்பு இல்லடே, கத்திரிப்பூ."

"டிவியில எல்லாமே சாம்பலாத்தானே அண்ணாச்சி தெரியுது?"

"சாம்பல்லயும் தினுசு இருக்குல்லா? கருப்புன்னா இப்படி விழாது. மயில்கழுத்துன்னா இன்னும் கொஞ்சம் இருட்டா விழும். இது கத்திரிப்பூவேதான். பதினெட்டு வருசமா பொடவை விரிக்கேன், எனக்குத் தெரியாதா?"

அதுதான் அவர் தொழில். தியாகராய நகரின் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தொட்டவர், கல்யாணம் ஆகாதவர். பெயர் என்று ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். மேன்ஷனில் அதைக் கேட்டவர் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். விழுப்புரம் பக்கத்திலிருந்து பி.ஏ. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கு வந்து, அவரோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டேன். முதல் நாளே அவர் கேட்ட கேள்வி: "தம்பி, இங்கிலீஷ்ல லெட்டர் எழுத வருமா?"

வரும் என்றேன். என் வாழ்க்கை அங்கேதான் திசை மாறியது.

நடந்தது இதுதான். ஒரு ஜப்பான் தேசத்து அம்மாள் கடைக்குப் பட்டுப்புடவை எடுக்க வந்திருக்கிறார். அழுத குழந்தையைச் சமாளிக்கக் கொண்டுவந்த படக்கதைப் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்க மூன்று மாதம் காத்திருந்த அண்ணாச்சி, அந்த மூன்று மாதமும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஆள் காலி. அம்மாள் வரவில்லை. இவரும் அந்தப் புத்தகத்திலிருந்து திரும்பி வரவில்லை.

பத்திரிகை ஒன்றின் பேனா நண்பர் பகுதியில், ஜப்பானிலிருந்து ஒசாகாக்காரர் ஒருவர் அகப்பட்டார். அவருக்குத் தமிழ் சினிமா என்றால் உயிர். இவருக்கு ஜப்பான் பொம்மைப் படம் என்றால் உயிர். ("பொம்மைப் படம்னு சொல்லாதே. அனிமே." இதை அவர் மேன்ஷனில் தலைக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பார்.) வெளிநாட்டுக்கு மணியார்டர் செய்ய வழியில்லை என்று தபாலாபீசில் சொல்லிவிட்டதால், பண்டமாற்று. இங்கிருந்து ஒரு தமிழ்ப்பட வீடியோ டேப், அங்கிருந்து ஒரு அனிமே டேப். ஏர்மெயில் தபால்தலைக்காக அண்ணாச்சி காலை டிபன் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு ராத்திரிச் சாப்பாட்டையும் டீ பன் ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமைகூடக் கடை யூனிஃபார்மையே போட்டுக்கொண்டார். "நல்லாத்தான இருக்கு?" என்பார். சட்டைப்பையில் கடையின் பெயர் இருக்கும்.

கடிதங்களை நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலக் கடிதங்கள் இரண்டே வகை: லீவ் லெட்டர், வேலை விண்ணப்பம். எனவே ஒசாகாக்காரருக்குப் போன ஒவ்வொரு கடிதமும், அடுத்த டேப் அனுப்பும்படி மிகப் பணிவுடன் கேட்டு, என் கல்வித் தகுதியைத் தெரிவித்து, தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று முடிந்தது. அவர் ஒருமுறை எழுதியிருந்தார்: உங்கள் நாட்டுப் படங்களில் நடனம் பிரமாதம், ஆனால் எல்லாமே ஏன் கருப்பு வெள்ளை? அண்ணாச்சி அதைப் படிக்கச் சொல்லி, இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லி, சிரித்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்துவிட்டார். இரண்டு தேசமும் மெனக்கெட்டு ஒன்றுக்கொன்று கலரைக் கழற்றிவிட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கின்றன.

விஷயம் என்னவென்றால், அவர்கள் ஊர் டேப்பின் முறை வேறு, நம் ஊர் டிவியின் முறை வேறு. ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுக்கும் வீடியோ டெக் எப்படியோ டேப்பை மென்று தள்ளிவிடும். ஆனால் டிவியில் கலர் வராது. படமும் கிரைண்டர் கல் மாதிரி உருண்டுகொண்டே இருக்கும். டிவியின் முதுகில் உள்ள ஒரு திருகை விரலால் பிடித்துக்கொண்டே இருந்தால் நிற்கும். அந்த விரல் என்னுடையது. முதல் நான்கு டேப்புகளை நான் டிவிக்குப் பின்னால் இருந்துதான் பார்த்தேன், அதாவது கேட்டேன். ஐந்தாவது டேப்புக்கு அண்ணாச்சி மனமிரங்கி, ஷேவிங் கண்ணாடியை எதிர்ச் சுவரில் மாட்டிக்கொடுத்தார்.

எங்கள் இருவருக்கும் ஜப்பான் மொழியில் ஒரு எழுத்து தெரியாது. கதை முழுக்க அண்ணாச்சியின் ஊகம். கலங்கரை விளக்கக் காவல்காரனின் மகள், காணாமல்போன தம்பியைத் தேடி, ஓர் இரும்பு மனிதனோடு சின்னப் படகில் கடல் கடலாகப் போகிறாள். இதுவரை எல்லாருக்கும் புரியும். இரும்பு மனிதன் அவளுக்கு முறைமாமன் என்பதும், ஒற்றைக்கண் வில்லன் சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளி என்பதும் அண்ணாச்சிக்கு மட்டுமே புரிந்தவை. "அவன் கப்பலைப் பாத்தியா? அவ தாத்தன் கப்பல்லா அது" என்பார். மேன்ஷனே திரண்டு வந்து உட்கார்ந்து கேட்கும். நம்பாத ஒரே சங்கதி அந்த முடிதான். "எந்த ஊர்ல அண்ணாச்சி பொம்பளைக்குக் கத்திரிப்பூ கலர்ல முடி?" என்று கலாய்ப்பார்கள். அண்ணாச்சி, புடவையைத் திருப்பிக் கொடுக்க வந்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

எட்டு டேப் முடிந்து, ஒன்பதாவதும் கடைசியுமான டேப் தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்து சேர்ந்தது. அவள் ஊர் திரும்புவாளா மாட்டாளா என்பது அதில் இருந்தது. அது, முந்தைய எட்டைப்போல் நேரே அறைக்கு வராமல், சுங்க அதிகாரியின் மேஜையில் இருந்தது.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"அனிமே சார்."

"அப்படின்னா?"

நான் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு வார்த்தையில் சாதாரண பொம்மைப் படம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வார்த்தை அவர் வாயில் வராதே! கலங்கரை விளக்கத்தில் ஆரம்பித்து எட்டு டேப்பையும் நின்றபடியே சொன்னார். இரும்பு மாமன் அலையில் மூழ்கும் இடத்தில் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு விலையே கிடையாது சார். உலகத்துல எங்கயும் கிடைக்காத சாமான்" என்று அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்து முடித்தார்.

"அவ்வளவு ஒசத்தியா?" என்று அதிகாரி மெச்சிக்கொண்டு, பேனாவை எடுத்து, அதற்கேற்ற மதிப்பைப் போட்டு, அந்த மதிப்புக்கேற்ற வரியையும் போட்டார். தீபாவளி போனஸ் அந்த ஜன்னலிலேயே போயிற்று. வெளியே வந்ததும் நான் திட்டினேன். "பின்ன, மட்டமான சரக்குன்னா சொல்லச் சொல்லுத?" என்று கேட்டுவிட்டு டேப்பை மடியில் கட்டிக்கொண்டார்.

விலையே இல்லாததைக் கருப்பு வெள்ளையில் பார்க்க அவருக்கு மனசில்லை. விசாரித்ததில், மயிலாப்பூரில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் எல்லா நாட்டு டேப்பும் கலரில் ஓடும் துபாய் டிவி ஒன்று, டெக்கோடு ரிப்பேருக்கு வந்திருந்தது தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் உரிமையாளர் எடுத்துப் போய்விடுவார். அதற்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக். தீபாவளி நெரிசலில் கடையில் யாருக்கு லீவ்? பல் பிடுங்கப் போவதாகச் சொல்லி அண்ணாச்சி இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, 12பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

டேப்பைப் போட்டோம். கோடுகள் ஓடின. கடல் வந்தது. படகு வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

கத்திரிப்பூ. சந்தேகமே இல்லாத, அன்று பறித்த கத்திரிப்பூ.

அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது கிடைத்தது ஒரே ஒரு நிமிஷம்.

"அய்யய்யோ!" என்று மெக்கானிக் பாய்ந்தார். "இன்னா நைனா இது, கலர் பூட்சே! முடி வயலட்டா கீது! நேத்துகூட கரீட்டா இருந்துச்சுபா!"

"அது அப்படித்தான்வே! கை வைக்காதீரும்!"

"நீ சும்மா இரு சார். ஓனர் வந்து பாத்தா என் பொழப்பு நாறிடும். வயலட் முடி வச்சிக்கினு எவ சார் சுத்துவா?"

"ஜப்பான்ல சுத்துவா!"

"நான் இருபது வருசமா டிவி பாக்குறேன் நைனா, எங்கிட்டயே ரீலு உடுறியா?"

பின்பக்கப் பலகை கழன்றது. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனது. முடி நீலமானது, பச்சையானது, காப்பிப்பொடி ஆனது. கடைசியில் நல்ல கருப்பாகவே வந்தது. அதற்குள் அவள் முகம் கிளிப்பச்சை, கடல் மிளகாய்ப்பழம். "முடி செட்டாயிட்ச்சு. மூஞ்சிய இப்ப பாத்துர்லாம்" என்றார் மெக்கானிக். அண்ணாச்சி டேப்பையாவது நிறுத்தலாம் என்று கைநீட்டினால், படம் ஓடினால்தான் கலர் பிடிக்கமுடியும் என்று தட்டிவிட்டார். அண்ணாச்சி கெஞ்சினார், அதட்டினார், சாமி மேல் சத்தியம் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பர்மிஷன் முடிய அரைமணி நேரம் இருந்தது.

"நீ இருந்து பாருடே. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. கலரோட சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, என்னையும் டேப்பையும் அங்கேயே விட்டு, பஸ் பிடிக்க ஓடினார்.

அவர் தெருமுனையைத் திரும்பியதும், எதையோ எக்குத்தப்பாகத் திருகிய மெக்கானிக்கின் தயவில், எல்லாக் கலரும் அதனதன் இடத்துக்குத் திரும்பின. மெக்கானிக் நொந்துபோய் டீ குடிக்கப் போய்விட்டார். நான் தனியாகப் பார்த்தேன். படகு கரைக்கு வருகிறது. தூரத்தில் விளக்கின் வெளிச்சம். துறையில் ஒருவர் நிற்கிறார். படகில் இருப்பது அவள்தானா, வேறு யாராவதா? கிட்டே வருகிறது. இதோ இந்தப் பக்கம் முகம் திரும்பப் போகிறாள்.

சரக்கென்று திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். டேப் தீர்ந்துவிட்டது. ஒரு மணி நேரப் படத்தை ஒரு மணி நேர டேப்பில் பிடித்த ஒசாகாக்காரர், ரெக்கார்டு பட்டனை இரண்டு நிமிஷம் முன்கூட்டியே அமுக்கிவிட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடிக்கு நான் ஏறிப்போன படிகளை எண்ணியிருந்தால் ஆயிரம் வந்திருக்கும். பட்டுப் பிரிவில் ஒரே கூட்டம். அண்ணாச்சியின் இடது கன்னம் பஞ்சால் உப்பியிருந்தது. சூப்பர்வைசர் பின்னால் நின்றிருந்தார்.

"வாங்க சார். அம்மாவுக்குப் பாக்கணுமா?" என்று அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். புடவை எடுக்கக் குனிந்தவர், பஞ்சுக்குள்ளிருந்து கேட்டார்: "வந்தாளாடே?"

அந்த முகத்தைப் பார்த்து நான் வேறு என்ன சொல்ல?

"வந்துட்டா அண்ணாச்சி."

கையிலிருந்த புடவையை, சரக்கு விரித்துக்காட்டும் மெத்தைமேல் வைத்தார். "ஒத்தையிலயா?"

"தம்பியோட."

"மாமன்?"

"அவனும் வந்தான். ஒரு கை இல்ல." ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பொய்யில் கொஞ்சம் சேதாரம் இருந்தால் நம்புவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எந்நேரம்? வானம் என்ன கலரு?"

"சாயங்காலம். சிவப்பு."

"சிவப்பா? சிவப்புல முப்பது இருக்குடே. போடுதேன், கையக் காட்டு." அரக்கு வந்து விழுந்தது. இல்லை என்றேன். மிளகாய்ப்பழம். இல்லை. செம்பருத்தி. மேலே அது, கீழே வேறு என்றேன். வெங்காயச்சருகை எடுத்து அதன்கீழே விரித்தார். அதேதான். கடலுக்கு ஆனந்தா நீலம், மணலுக்குச் சந்தனம், விளக்குக்கு மாம்பழ மஞ்சள். அரைமணி நேரத்தில், அந்த வெள்ளை மெத்தையில் ஒரு துறைமுகமே விரிந்து கிடந்தது. நான் பார்க்காத ஒன்றை, நேரில் பார்த்ததுபோல் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்ப்பா," என்றார் பக்கத்திலிருந்த மாமி, "அந்த வெங்காயச்சருகை நீ எடுத்துக்கறயா, இல்லே நான் எடுத்துண்டுடட்டுமா?"

அண்ணாச்சி வானத்தை மடித்து மாமியிடம் கொடுத்தார். சூப்பர்வைசர் திருப்தியாக நகர்ந்து போனார்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வாடகை டெக் வந்தது. மேன்ஷன் கூடியது. நான் டிவிக்குப் பின்னால் திருகைப் பிடித்தபடி ஷேவிங் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் வியர்த்து வழுக்கியது. படகு கரைக்கு வந்தது. சரக்கென்று புள்ளிகள்.

"என்ன அண்ணாச்சி, முடிஞ்சிருச்சா? வந்தாளா, இல்லியா?"

அண்ணாச்சி புள்ளிகளைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையைத் தொங்கப் போட்டேன்.

"வந்துட்டா" என்றார். செம்பருத்தி வானம், கீழே வெங்காயச்சருகு, தம்பி, ஒரு கை இல்லாத மாமன், ஒன்று விடாமல் சொன்னார். நான் விட்ட இடங்களைக்கூட நிரப்பினார். மேன்ஷன் கைதட்டிவிட்டுக் கலைந்தது.

அறையில் நாங்கள் இருவர் மட்டும். டேப்பைத் துணியால் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, ஒசாகாவுக்கு ஒரு லெட்டர் போட்டு, கடைசியில என்ன ஆச்சுன்னு கேட்டுடலாமா?"

"எதுக்குடே?" என்றார் அவர், பெட்டியை மூடியபடி. "அதான் நீ பாத்துட்டியே."