முகப்பு விசிறியின் சீல்

ஞாயிற்றுக்கிழமை காலை வீபே காப்பிக் கோப்பையோடு மேல்தளத்துக்கு வந்தபோது, அவனுடைய பாய்மரப் படகின் மூக்குக்கு நேராகத் துறை அதிகாரி ஹார்மன் குனிந்து நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குனிந்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அந்தத் துறை முழுக்கத் தெரியும்.

"எண்ணெய்," என்றார் ஹார்மன்.

எண்ணெய்தான். படகின் முனையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு படலம். வாத்து ஒன்று அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாற்போல் விலகிப் போயிற்று.

"முகப்பு விசிறி சீல் போயிருக்கும். மாத்திடுங்க. ஏரியில எண்ணெய் விடற படகுக்கு இங்க இடம் கிடையாது. வெளியே எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

வீபேக்கு நன்றாகத் தெரியும். அந்த வரிசையில் அவன் நின்ற காலத்தில் அவனுடைய மகள் பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டுவிட்டாள். ஏரிகள் நிறைந்த அந்த ஃபிரீஸ்லாந்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைத்துவிடும், படகுக்கு இடம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

அவனுக்கு வயிறு எரிந்தது இன்னொரு காரணத்துக்காக. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த படகு தண்ணீரில் இறங்கியது நேற்றுத்தான். படகு இறங்கினால் உடையவன் அதே நடைமேடையில் படகு கட்டியிருக்கிற எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். வைக்காதவனுக்கு அந்தக் கோடை முழுவதும் கஞ்சன் என்று பேர். வீபே பெரிய சட்டியில் மீனை மாவில் தோய்த்துப் பொரித்துப் போட்டான். அதிலே முக்கால் தட்டை ஒரே ஆளாகக் காலி செய்தவர் இதே ஹார்மன். தின்ற வாய் ஈரம் காயவில்லை, அதற்குள் அதிகாரம்.

மனைவி ரென்ஸ்கே கீழேயிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "இடம் போனா போகட்டும். எங்க அக்கா மாதிரி நாமளும் ஒரு கேரவன் வாங்கிக்கலாம். அதுல சீலும் இல்ல, விசிறியும் இல்ல."

கேரவன்! சக்கரம் வைத்த வீட்டில் ஏறி, தார் ரோட்டில் நின்றுகொண்டு ஏரியை வேடிக்கை பார்ப்பதா? உயிர் போனாலும் இந்த இடத்தை விடுவதில்லை என்று வீபே அந்த இடத்திலேயே முடிவு செய்தான். ஆளை வைத்துச் செய்தால் தனக்கு இழுக்கு, தானே செய்வது என்றும் முடிவு செய்தான்.

முகப்பு விசிறி என்பது, படகின் முன்பாகத்தில் தண்ணீருக்கடியில் குறுக்கே போகும் குழாய்க்குள் சுற்றுகிற சின்ன விசிறி. குறுக்குக் காற்று அடிக்கும்போது படகின் மூக்கைப் பிடித்துத் திருப்பி இரண்டு கம்பங்களுக்கு நடுவே நுழைக்க அதுதான் கதி. அதன் பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக்கிடக்கும். அந்த எண்ணெய் வெளியே போகாமலும் ஏரி உள்ளே வராமலும் காவல் காப்பவை விசிறித் தண்டைச் சுற்றியிருக்கும் இரண்டு ரப்பர் வளையங்கள், அதாவது சீல்கள்.

கிரேன் வந்து படகைத் தூக்கியது. வீபே குழாய்க்குள் தலையை விட்டு, விசிறியைக் கழற்றினான். தண்டில் யாரோ விட்ட தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எதிரி அகப்பட்டுவிட்டான், சீலை அறுத்தது இந்த நரம்புதான். தண்டைத் துடைத்து, முனையில் நாடா ஒட்டி, ரப்பரின் உதட்டுக்குக் கிரீஸ் தடவி, பிரசவம் பார்ப்பதுபோல் மெல்ல மெல்லத் தள்ளிப் புதுச் சீல்களை உட்கார வைத்தான்.

படகு இறங்கியது. வெற்றி விழாவாயிற்றே, மீன் இரண்டு மடங்கு பொரித்தான்.

மறுநாள் காலை படலமும் இரண்டு மடங்காக இருந்தது.

எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தான். மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. பக்கத்துப் படகுக்காரன் சீட்ஸே, கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்லும் புண்ணியவான், அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான். எண்ணெய் போன அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்து மட்டத்தைச் சரிக்கட்டியிருக்கிறதாம். சீலைத் திருப்பிப் போட்டிருப்பாய், அதனால்தான், என்றும் சொன்னான். வீபேக்கு அது சரியாகவே பட்டது.

மறுபடி கிரேன். எண்ணெயை வடித்தபோது அது தேன் மாதிரி சுத்தமாக வந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே யோசித்திருப்பார்கள். வீபே, தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொண்டான். புதிதாக இரண்டு சீல் வாங்கி, ஒன்று உள்பக்கம் பார்க்க, ஒன்று வெளிப்பக்கம் பார்க்க, கண்ணாடி போட்டுக்கொண்டு பொருத்தினான். எண்ணெயையும் கட்டியான ரகமாக மாற்றினான்.

இந்தத் தடவை மீனோடு உருளைக்கிழங்கும் பொரித்தான். ஊர் வாயை அடைக்க வேண்டுமே.

காலையில் படலம் சீட்ஸேயின் படகுவரை போயிருந்தது.

நடைமேடையில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. ரென்ஸ்கேயின் அக்காள் புருஷன் ஃபோல்கர்ட், அதாவது வீபேயின் சகலை, விருந்து என்றால் கேரவனை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். வாயைத் திறந்து பேசாத பிராணி. அவன் முன்னாலேயே ரென்ஸ்கே புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"அவரைப் பாரு, யாரும் சொல்லாமலே சட்டி பானையெல்லாம் கழுவிக் கவுத்து வைக்கிறாரு. உனக்கு ஒரு ரப்பர் வளையத்தை ஒழுங்கா மாட்டத் தெரியல."

ஃபோல்கர்ட் தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை அடுக்கினான். ஹார்மன் வந்து, இன்னும் ஒரு தடவைதான், அதற்குப் பிறகு கயிற்றை அவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவமானத்தில் வீபேக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் அவன் விடாக்கண்டன். கசிவது சீல் என்றால் சீலே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்று கிளம்பினான். கிரேனில் ஏற்றி, விசிறி, தண்டு, பல்சக்கரம், தொட்டி, எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்தான். ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தான். பெரிய எஞ்சினையே நிறுத்தி அதன் எண்ணெயையும் உறிஞ்சி எடுத்துவிட்டான். படகில் எண்ணெய் என்று பேர் சொல்ல ஒரு சொட்டு இல்லை.

விசிறியும் இல்லை, எஞ்சினும் இல்லை, வெறும் பாயை நம்பித் துறைக்குள் வந்தான். ஞாயிற்றுக்கிழமையென்றால் அங்கே எல்லோரும் மேல்தளத்தில் நாற்காலி போட்டு, அடுத்தவன் படகு கட்டுகிற லட்சணத்தைப் பார்ப்பது வழக்கம். அன்று சனிக்கிழமைதான், ஆனால் விஷயம் தெரிந்து எல்லோரும் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். குறுக்குக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. வீபேயின் படகு முதல் கம்பத்தை இடித்து, இரண்டாவது கம்பத்தில் உரசி, சீட்ஸேயின் கொடிக்கம்பத்தை முறித்துக்கொண்டு போய் நின்றது. சிலர் கை தட்டினார்கள்.

மன்னிப்பு விருந்து வைக்காமல் தீருமா? இருந்த சட்டி போதாமல் காப்பிக் கடையிலிருந்து அண்டா மாதிரி ஒன்றை இரவல் வாங்கி, ஊரையே அழைத்துப் பொரித்துப் போட்டான். ஹார்மன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சீட்ஸே கொடிக்கம்பத்தை மறந்தான். ரென்ஸ்கேகூடச் சிரித்தாள். வீபே நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்ததும் வெளியே வந்து தண்ணீரை எட்டிப் பார்த்தான். படலம் நடைமேடையின் கடைசிப் படகுவரை மினுமினுத்துக்கொண்டிருந்தது.

ஹார்மன் அங்கேதான் நின்றார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"கயித்தை அவுத்துடுங்க வீபே. நான் செய்யறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல."

"சார், என் படகுல எண்ணெயே இல்ல. நீங்களே ஏறிப் பாருங்க. ஒரு சொட்டு இருந்தா என்னை இந்த ஏரியிலேயே தள்ளிடுங்க." வீபே கெஞ்சினான். அத்தனை வருஷம் காத்து நின்று வாங்கிய இடம், கண்ணெதிரே போகிறது. ரென்ஸ்கே ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கேரவன் பேச்சை அவளும் எடுக்கவில்லை.

மெஷின் எண்ணெய்ச் சண்டையில் தனக்கென்ன வேலை என்று அதுவரை ஒதுங்கி நின்ற ஃபோல்கர்ட், இடுப்பைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தான். எதையாவது பேசி சகலையைத் தேற்ற வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"மனசை விடாதீங்க சகலை. ஆனா அடுத்த விருந்துக்குப் பொரிக்கிற எண்ணெயை மட்டும் கொஞ்சம் குறைச்சு வைங்க. பின்பக்கம் பிள்ளைங்க குளிக்குமேன்னு, ஒவ்வொரு தடவையும் அவ்வளவு பெரிய சட்டியை இந்த முனை வரைக்கும் தூக்கிட்டு வந்து கவுக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பே விட்டுப்போகுது."