தண்ணீர்ப் புட்டிக்கு அடியில் பேட்டரி

திண்டுக்கல்,
18.10.2010

மிகுந்த அன்புக்கும் அதைவிடச் சற்றுக் கூடுதலான மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை கிளெமென்ட் அவர்களுக்கு, மாமனார் மிக்கேல்ராஜ் எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே உங்கள் அத்தை அல்போன்சா முழு நலம். நான் இடது முழங்கால் நீங்கலாக நலம். பெல்ஜியத்துக் குளிரில் நீங்களும் மகள் வினோலியாவும் சளி காய்ச்சலுக்கு இடம் கொடுக்காமல் இருக்க வேண்டுகிறோம்.

விஷயம் சைக்கிள் பற்றியது. மே மாதம் லீவில் வந்தபோது, எனக்குச் சர்க்கரை குறையட்டும் என்று உங்கள் பந்தய சைக்கிளை விட்டுப்போனீர்கள். தினமும் ரெட்டியார்சத்திரம் வரை போய்வந்தேன். ஒரு குறையும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது இருவரும் சேர்ந்து சிறுமலை ஏறுவோம் என்று போனில் சொன்னீர்கள், சரி என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மாமனார் கஷ்டப்படக் கூடாதென்று புது கியர் சாமான்களைப் பார்சலில் அனுப்பிவிட்டீர்கள். பழைய கியர் கம்பி இழுத்து மாறியது. இது பொத்தானைத் தொட்டால் மோட்டார் சுழன்று மாறுமாம், மோட்டாருக்கு ஒயராம், ஒயருக்கு ஒரு பேட்டரியாம். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவனுக்கு இது ஒரு காரியமா என்று நானும் இறங்கினேன்.

சைக்கிள் கடை ஜெகபர் அலி என்னிடம் படித்தவன். மற்ற சாமான்களை ஒரே காலையில் மாட்டிவிட்டான். பேட்டரியை எங்கே வைப்பது என்பதில்தான் மூன்று நாள் போயிற்று. பார்சலில் வந்த தாளில் இரண்டு இடம் போட்டிருந்தது: தண்ணீர்ப் புட்டிக்கு அடியில், அல்லது பின்சக்கரத்தை ஒட்டிய கம்பிக்குக் கீழே. "கீழ வேணாம் சார், ரோட்டுச் சாணி பூராம் அதுலதான் அப்பும்" என்றான் ஜெகபர் அலி. "புட்டிக்கு அடியில வச்சா தண்ணி சொட்டாதா? சீட்டுக்கு அடியில ஒளிச்சு வைங்க, வெளிய தெரிஞ்சா எவனாச்சும் கழட்டிட்டுப் போயிருவான்" என்றார் உங்கள் அத்தை. தோட்டத்துக் கத்தரிக்காய் கொடுக்க வந்த சோலைமலை, "மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டரை உசரத்துலதான வைக்கிறோம்? ஹேண்டில்பார்ல கட்டுங்க" என்றார். ஒயர் எட்டவில்லை என்ற ஒரே காரணத்தால் அவர் யோசனை தோற்றது. கடைசியில் விஞ்ஞானத்தை நம்பி, தாளில் கண்டபடி புட்டிக்கு அடியில் என் கையாலேயே பொருத்தினேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வருவதற்குள் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று முதல் பூசை முடிந்ததும் சிறுமலைக்குக் கிளம்பினேன். சமதரையில் பொத்தானைத் தட்டித் தட்டி இருப்பதிலேயே கனமான கியரில் பறந்தேன். அடிவாரத்து ரோடு உங்களுக்குத் தெரியும், ரோடு பாதி குழி பாதி. மலை ஏற ஆரம்பித்துப் பொத்தானைத் தொட்டால் ஒரு சத்தமும் இல்லை. அதே கனமான கியரில் இரண்டு வளைவு ஏறினேன், மூன்றாவதில் எழுந்து நின்று மிதித்தேன், நாலாவதில் இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மேலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த ஜீப் நின்றது. ஓட்டிவந்த சடையாண்டியும் என்னிடம் படித்தவன்தான்.

"என்ன சார், பஞ்சரா?"

"இல்லப்பா, பேட்டரி வேலை செய்யல."

அவன் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தான். "சைக்கிள்தான சார்?" என்றான்.

என்னை முன்னால் உட்காரவைத்து, சைக்கிளை வாழைத்தார் மேல் கிடத்திக் கயிற்றால் கட்டினான். நாங்கள் கோயிலைக் கடக்கவும் இரண்டாம் பூசை விடவும் சரியாக இருந்தது. படுத்திருந்த சைக்கிளையும் வியர்த்துக் கிடந்த என்னையும் பார்த்தவர்கள் மீதிக் கதையைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் ஆப்பிளோடு வந்துவிட்டார்கள். வியாகுலம்மாள் அழுதுகொண்டே வந்து, "எங்க அண்ணே அடிபட்டுச்சு?" என்றார். "அடியெல்லாம் ஒண்ணுமில்லம்மா, கியர் மாறல, அம்புட்டுதான்" என்றேன். அவர் உங்கள் அத்தையைத் தனியே அழைத்து, "தலையிலதான் பட்டிருக்கு, என்னமோ பேசுறாரு" என்று சொல்லிவிட்டு ஜெபமாலை ஆரம்பித்தார். ஐம்பத்துமூன்று மணியும் உருட்டி முடியும்வரை நான் படுத்தே இருக்க வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளை, முந்தின நாள்தான் சார்ஜ் போட்டேன், பச்சை விளக்கும் எரிந்தது. ஆகவே குற்றம் பேட்டரியின் மேல் அல்ல, இடத்தின் மேல். குடிக்கிற தண்ணீருக்கு அடியில் கரண்டை வைக்கச் சொன்ன எஞ்சினியர் எவராயிருந்தாலும் என் வகுப்பில் தேறியிருக்க மாட்டார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமலைக்கும் நீங்கள் தனியாகவே போய்வாருங்கள். உள்ளதைச் சொன்னால், நீங்கள் வளைவுக்கு வளைவு நின்று, திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க மாமா" என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நான் நடந்தே சர்க்கரையைக் குறைத்துக்கொள்கிறேன்.

வினோலியாவுக்கு எங்கள் முத்தங்கள். உங்கள் இருவர் தலைமேலும் ஆண்டவர் கை எப்போதும் இருக்கட்டும்.

தங்கள் மாமனார்,
ச. மிக்கேல்ராஜ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜெகபர் அலி என்னைப் பார்க்க வந்தான். பேட்டரியைக் குனிந்து பார்த்தான். அதன் பக்கவாட்டில் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. அதை மடக்கினால்தான் பேட்டரி இடத்தில் பூட்டிக்கொள்ளுமாம். மடக்கினான். பொத்தானைத் தொட்டேன், கியர் மாறியது. "குழியில குலுங்கிக் கழண்டிருக்கு சார், யாருக்கும் வாரதுதான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மரியாதை தெரிந்தவன். ஆகவே வண்டியைத் திருப்பித் தருவதற்கில்லை; நீங்கள் வேறொன்று கொண்டுவரவும். டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருப்பேன். மேலே எழுதியதில் நலம் விசாரித்த வரிகள் மட்டும் செல்லும்.