மாப்பிள்ளை கொடுத்த கத்தியும் மாவட்டப் பக்கத்துப் படமும்

சித்தூர் மாவட்டம்
16-4-2004

அமெரிக்காவில் சகல சௌகரியங்களுடனும் இருக்கும் மாப்பிள்ளை தேவேந்திரன் அவர்களுக்கு மாமனார் சின்னப்பன் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்) எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியார் ருக்மணியும் உடம்பளவில் நலம். நீங்களும் தேன்மொழியும் எல்லா அளவிலும் நலமாயிருக்க ஏழுமலையானை வேண்டுகிறோம்.

நீங்கள் கொடுத்த கத்தியோடு நான் நிற்கும் போட்டோ கேட்டிருந்தீர்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். தெலுங்குப் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் வந்தது. இரு பக்கமும் நிற்கும் கான்ஸ்டபிள்களை நான் கூப்பிடவில்லை.

கத்தியில் குறை சொல்ல மாட்டேன். ஒரே மனிதர் கையால் அடித்து, பெயர் பொறித்து, தோலுறையும் தைத்தது, மடங்காது, இதை மட்டும் வைத்துக்கொண்டு காட்டில் மூன்று நாள் உயிர் பிழைக்கலாம் என்று கூடவே ஒரு தாள். அங்கே கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் லீவு போட்டுப் போய், சுள்ளி பொறுக்கி, கல் கூட்டிச் சமைத்து, தரையில் படுப்பார்கள் என்று தேன்மொழி எழுதியிருந்தாள். என் அம்மா இதை லீவு போடாமலே ஐம்பது வருஷம் செய்தாள். போகட்டும். தேர்தல் வந்தது, ஆயுதம் உள்ளவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டுமென்று தண்டோரா போட்டார்கள், அது லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களுக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சட்டத்தை மதிக்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு மட்டும் தெரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு போய், கத்தியை மேஜைமேல் வைத்து, ரசீது கேட்டேன்.

“ஏமய்யா, இவ்ளோ நல்ல கத்திய வச்சிக்கினு எவன வெட்டப் போற?” என்றார் எஸ்.ஐ.

“யாரையும் இல்ல சார். மாப்ள குடுத்தாரு.”

“மாப்ள எந்தக் கட்சி?”

“அமெரிக்கா சார்.”

“பக்கத்து ஸ்டேஷன்ல நாலு நாட்டு வெடி புடிச்சிட்டானுங்க. நம்ம டேபிள் காலியாக் கீது. பெரியவரே, ஒரே ஒரு போட்டோ, அவ்ளோதான்.”

அவ்வளவுதான். ‘தேர்தலைக் குலைக்கச் சதி: வெளிநாட்டு ஆயுதத்துடன் முதியவர் சிக்கினார்.’ வயதை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது பேப்பரில் வரவில்லை. “பேப்பர்ல பேரு வரணும்னு சொல்லிக்கினே இருந்தீங்களே, போட்டோவே வந்துட்ச்சி பாருங்க” என்கிறாள் உங்கள் மாமியார். பால்காரர் பாலை வாசலில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து போகிறார். ஆயுள் முழுக்கச் சேர்த்த நல்ல பேர் ஒரே நாளில் போயிற்று. ஆகவே அது விடுமுறைக்குப் போகிறவர்கள் சுள்ளி வெட்டும் கத்திதான் என்று உங்கள் கம்பெனித் தாளில் எழுதி, அந்தப் பேப்பருக்கு உடனே அனுப்புங்கள். அது அச்சில் வந்தால்தான் நான் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியும்.

தேன்மொழியையும் உங்களையும் மனதார ஆசீர்வதிக்கிறேன். அடுத்த முறை சட்டைத்துணி போதும்.

இப்படிக்கு,
சின்னப்பன்

பின்குறிப்பு: இதை ஒட்டும்போது ரங்கையா வந்தார். நம் நிலத்துக்குள் நாலடி தள்ளி வேலி போட்டவர். பதினோரு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக நான் மனு எழுதியும் அசையாத கம்பங்களை, இன்று அவர் கையாலேயே பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிட்டாராம். “அண்ணா, நீங்க இப்பிடிப்பட்ட ஆளுன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எதுக்கு இத்தினி வருஷம் வீணா எழுதிக்கினு இருந்தீங்க?” என்று வருத்தப்பட்டார். மேலே கேட்ட கடிதத்தைத் தயவுசெய்து அனுப்பவேண்டாம். தெற்குப் பக்கம் இதேபோல் வேலி போட்ட கிருஷ்ணப்பா பேப்பர் படிப்பதில்லை. போட்டோ வந்த பேப்பர் பக்கத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுக்கச் சித்தூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.