வெள்ளைத்தாள் சுவாமிகள்

அந்த வருஷம் ராயபுரத்தில் மீனுக்குப் பஞ்சம் வந்தது. எழுத்தாளர்களுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து குவிந்தார்கள். கக்கத்தில் காகிதக் கட்டு, கையில் தேங்காய் பழம். எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் கடற்கரையோரம் பாழடைந்து கிடந்த உப்புக் கிடங்கு. அங்கேதான் வெள்ளைத்தாள் சுவாமிகள் எழுந்தருளியிருந்தார்.

சுவாமிகளின் மகிமை இதுதான். நீங்கள் எழுதிய கதையைச் சரஸ்வதி படத்தின் முன் பலகையில் வைக்க வேண்டும். சுவாமிகள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முன்னும் பின்னும் காட்டுவார். வெறும் தாள்! அதைச் சாம்பிராணிச் சட்டியின் தணலுக்கு மேலே பிடிப்பார். பழுப்பு நிறத்தில் எழுத்து முளைக்கும். கலைமகளே கதையைப் படித்துவிட்டுக் கைப்பட எழுதும் விமர்சனம்! நாடக ஆசிரியர், கல்லூரி மாணவர், ரிடையரான சப்-ரிஜிஸ்திரார் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கதையைத் திறந்துகூடப் பார்க்காமல் விமர்சனம் எழுதுவது அப்படியொன்றும் பெரிய அற்புதமில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெயவேலுக்கும் தோன்றவில்லை. துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலை அவனுக்கு. மிச்ச நேரமெல்லாம் நாவல் எழுதினான். கப்பலில் சாமான் இறக்கும் ஆட்களைப் பற்றிய நாவல். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. நன்றாயிருக்கிறதா, இல்லையா என்று ஒரு வரி எழுத ஆளில்லை. யாராவது ஒருவர், 'தம்பி, நீ எழுதலாம்' என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தான். ஏங்குகிறவன் எங்கே என்று பார்த்துத்தானே சாமியார்கள் கடை விரிக்கிறார்கள்?

நாவலைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை போனபோது அவனுக்கு வந்த தாள் இது: 'தகுதி உண்டு. பொருத்திரு. படைப்பை அக்கினிக்கு அர்ப்பணி.'

ஜெயவேலுக்குக் கண்ணீர் முட்டியது. தகுதி உண்டாம்! 'பொறுத்திரு' என்றல்லவா இருக்கவேண்டும் என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் கல்விக்கே அதிபதி எழுத்துப்பிழை விடுவாளா? அன்று வீட்டுக்கு வந்ததும், தன் நாவலில் 'பொறு' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்து 'பொரு' என்று திருத்திவிட்டான். பக்தி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

'அர்ப்பணி' என்பதற்குச் சீடர் சுப்பராயன் பொழிப்புரை சொன்னார். கொண்டுவந்த படைப்பை ஹோமத்தில் போட்டுவிட வேண்டும். கூடவே வெள்ளி கொடுத்தால், அதை உருக்கி எழுத்தாணி செய்து தருவார்கள். அதற்குப் பிறகு தொட்டதெல்லாம் காவியம். நல்ல ஏற்பாடு. எரிந்துபோன கதையை எந்தப் பத்திரிகைக்காரனால் திருப்பி அனுப்ப முடியும்?

வீட்டில் வெள்ளி என்று இருந்தது அவன் மனைவி பச்சையம்மாவின் கால் கொலுசு மட்டும்தான்.

"இன்னாய்யா சொல்ற? கொலுசு போனா போவுது, கதைய கொளுத்தப் போறியா?" என்றாள் பச்சையம்மா. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஒட்டிவிட்டு வந்த களைப்பெல்லாம் பறந்துவிட்டது. "ஒவ்வொரு பக்கமும் என்கிட்ட படிச்சுக் காட்டினியே. வேற காப்பி கீதா?"

"இல்ல. தாயே கேட்டுட்டா பச்சை."

"நானும் வரேன். என் கொலுசு, நானே குடுக்கறேன்."

ஞாயிறு காலை. ஹோம குண்டம் தயாராக எரிந்துகொண்டிருந்தது. பச்சையம்மா கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தாள். சுப்பராயன் காணிக்கையை வாங்குகிறார், கையில் எடை பார்க்கிறார். கனமாயிருந்தால் தாள் கட்டின் மேலேயிருந்து ஒன்று உருவிச் சுவாமிகளிடம் கொடுக்கிறார். லேசாயிருந்தால் அடியிலிருந்து உருவுகிறார். கலைமகளுக்குத் தராசு எதற்கு?

"ஜெயவேல்! வெள்ளியோடு வா" என்றார் சுப்பராயன்.

பச்சையம்மாதான் எழுந்தாள். "சாமி, என் புருசன் கதை இன்னும் அவர் மடியிலயே கீது. பலகைல வெக்கல. இப்பவே ஒரு தாள சூட்ல காட்டு. தாயி இன்னா எழுதறான்னு பாக்கலாம்."

சுவாமிகள் சிரித்தார். "படைப்பை வைக்காமல் தாய் எப்படியம்மா பேசுவாள்?"

"பேசமாட்டாள்ல? தாளு வெள்ளையாத்தானே நிக்கும்?"

"நிச்சயமாக."

சொன்னதுதான் தாமதம், சுப்பராயன் கையிலிருந்த கட்டு பச்சையம்மா கைக்கு வந்துவிட்டது. ஜெயவேலுக்கு மானம் போயிற்று. "பச்சை, வேணாம்!" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் அதற்குள் மேல் தாளைத் தணலில் காட்டிவிட்டாள்.

எழுத்து முளைத்தது. 'தகுதி உண்டு. பொருத்திரு.'

"யார் கதைக்கு நைனா இது?" என்று தூக்கிப் பிடித்தாள். அடுத்த தாள். 'தகுதி உண்டு. பொருத்திரு.' அதற்கடுத்த தாள். அதிலும் அதே எழுத்து, அதே பிழை. "இன்னும் பொறக்காத கதைக்கெல்லாம் தீர்ப்பு ரெடியா கீதுய்யா!"

"தீட்டு! இவள் கை பட்டதால் தீட்டு!" என்று அலறினார் சுவாமிகள்.

"தீட்டு பட்டா எழுத்து அழியணும் சாமி. இது இன்னும் பளிச்சுனு வருதே!" என்றவள், கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவிக் காட்டினாள். கிடங்கே எட்டிப் பார்த்தது.

'வெள்ளி போதாது.'

முதலில் சிரித்தது ஒரு கல்லூரி மாணவன். பிறகு கிடங்கு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. நாலு பேர் படத்துக்குப் பின்னாலிருந்த திரையைக் கிழித்தார்கள். உள்ளே ஒரு கூடை பிழிந்த எலுமிச்சம்பழத் தோல், ஒரு கிண்ணம் சாறு, அதில் ஊறிய குச்சி. சாற்றால் எழுதிக் காயவைத்தால் கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டால் பழுப்பாகத் தெரியும். சுவாமிகள் காவியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினார். கரையில் நின்ற மூட்டை தூக்குகிறவர்கள் அவரைவிட வேகமாக ஓடி, பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள்.

ஜெயவேல் எரிகிற குண்டத்தையும் மடியிலிருந்த நாவலையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சாம்பல்.

சப்-ரிஜிஸ்திரார் மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. "அப்போ நம்ம எழுத்து நல்லாயிருக்கா இல்லையான்னு யார்தான் சொல்லுவா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"படிச்சவங்க சொல்லணும். நீங்கோ ஒருத்தர் கதைய ஒருத்தர் படிங்களேன். இத்தினி பேர் வந்துகினு போய்கினு கீறீங்களே, பக்கத்துல குந்தினவன் இன்னா எழுதினான்னு எவனாவது கேட்டியா?" என்றாள் பச்சையம்மா.

நாடக ஆசிரியர் மெல்லத் திரும்பி, பக்கத்திலிருந்த மாணவன் மடியிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜெயவேல் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நீ சொல்லு பச்சை. எப்படி கீது?"

"நடுவுல அந்த ஜமீன் பொண்ணு பாட்டு பாடிகினே கீறா பாரு, பேஜாரு. நீ ஜமீன் வூட்ட எங்க பாத்த? அத்த தூக்கி எறி. ஆனா கிரேன் கம்பி அறுந்து அந்த ஆளு சாவறான் பாரு... ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. அத்த மொதல்ல வை."

ஜெயவேல் நடுத்தெருவில் நின்றுவிட்டான். ஜமீன் பெண்ணை அவன் ரொம்ப ஆசையாக எழுதியிருந்தான். வலித்தது. ஆனால் அவனுடைய நாவலை ஒருத்தி கேட்டுச் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாள்! அன்றைக்கே ஜமீன் பெண்ணை அடித்துத் தள்ளினான்.

அடுத்த ஞாயிறு உப்புக் கிடங்கில் பாதிப் பேர் கூடி, ஒருவர் கதையை ஒருவர் படித்துச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மீதிப் பாதி எண்ணூருக்குப் பஸ் ஏறியது. அங்கே ஒருவர் பேனாவுக்கு மந்திரிக்கிறாராம்.

எழுதலாமா என்று கேட்க அவர்களுக்கு ஒரு சாமியார் வேண்டியிருந்தது. யோசிக்கலாமா என்று கேட்க இன்னொரு சாமியாரைத் தேடாமலிருந்தால் சரி.