குதிரை லாயத்தில் ஒரு படுக்கை

கந்தசாமிக்கு ரயில்வே பட்டறையில் ராத்திரி ஷிப்ட். ஊர் விழிக்கும்போது அவர் கண்ணை மூட வேண்டும். மைசூர் அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை. ஆகவே, அரண்மனை உறவுக்காரர் ஒருவர் குதிரை கட்டிய பழைய லாயம் நசர்பாத் பகுதியில் வாடகைக்குக் கிடைத்ததும் ஒரு சபதம் செய்தார். ஒரு கல்லையும் பெயர்க்காமல் அதை வீடாக்குவது. பகல் முழுக்கத் தூங்குவது.

"ஏனுங்க, குதிரை இருந்த எடத்துல குடித்தனமா?" என்றாள் அவர் மனைவி வடிவு. மாதேஸ்வரன் மலைப் பக்கம் கௌதள்ளியில் பிறந்தவள். "அடுத்த தெருவுல புதுசா சிமிட்டி வீடு கட்டறாங்களே."

"சிமிட்டி வீடு பகல்ல அடுப்பு, புள்ளே. இங்க பாரு, முழ அகலத்துக்குக் காரைச் சுவரு. உச்சியில சாளரம், சூடு தானா வெளியேறிடும். ஃபேன் வேண்டாம், கரண்டு வேண்டாம். அந்தக் காலத்து ஆளு மடையனா?"

"குதிரைக்கு மடையனில்லீங்க."

மறுநாள் அவளாகவே "சரிங்க" என்றாள். வடிவு சரி என்ற இடத்திலெல்லாம் கந்தசாமிதான் குப்புற விழுந்திருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

"இன்னொரு பூச்சு சுண்ணாம்பு அடிங்க, பூச்சி அண்டாது. சாளரத்துக்கு வலை அடிங்க. எலி வளையை அடைங்க. வாசல்ல ஈரச் சாக்கு தொங்குனா குளுகுளுன்னு இருக்குமுங்க."

தூங்க வேண்டிய பகலெல்லாம் இதிலேயே போயிற்று. நம் தூக்கத்தின் மேல் இவளுக்கு இத்தனை அக்கறையா என்று ஒருநாள் கண்கலங்கக்கூடச் செய்தார்.

வேலை முடிந்தது. மறுநாள் காலை கிரீஸ் கையோடு வந்தவரை, தெருவோரத்தில் அவர் கட்டில் வரவேற்றது. உள்ளே அடுக்கடுக்காய் மூங்கில் தட்டுகள். தட்டு நிறைய முசுக்கொட்டைத் தழை. தழை நிறையப் பட்டுப்புழு.

"என்ன புள்ளே இது!"

"எங்கய்யன் கொண்டாந்து வெச்சதுங்க. சிமிட்டி வீட்டுல வெந்து செத்துரும். நீங்க சொன்னது நெசந்தானுங்க, இந்தக் கட்டடம் தங்கம். நாலு தடவை கூடு எடுத்தமுன்னா சிமிட்டி வீட்டுக்கே போயிரலாம்."

"அப்ப நான்?"

"உங்க மேல பீடி வாசமுங்க. புழுவுக்கு ஆகாது."

கந்தசாமி சுவரைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. ஆயுளில் அவர் கை ஒழுங்காகச் செய்த ஒரே காரியம். லாரி ஒன்று கட்டிலை உரசிக்கொண்டு போனது.

"இது நான் தூங்கறதுக்குக் கட்டின அறை, வடிவு!" அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

வடிவு உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாங்க. தோலுரிக்கறதுக்கு முன்னால, இப்பத்தான் எல்லாம் தூங்க ஆரம்பிச்சிருக்குது."