வாய்க்கால் தலைவர்

"நல்லதம்பியண்ணையும் ராஜினியும் சேர்ந்திட்டினமாம்" என்று மனைவி விமலேஸ்வரி குசினி அடுப்படியில் இருந்து சொன்னதும், யோகநாதனுக்குக் கையில் இருந்த தேத்தண்ணி கசந்தது.

வாய்க்கால் தலைவரைத் தெரிவு செய்யும் கூட்டத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரும் அந்தக் கிளை வாய்க்காலில் மூன்று கூட்டம். தண்ணீர் நுழையும் தலைப்பில் நல்லதம்பியின் ஆட்கள், நடுவில் ராஜினியின் ஆட்கள், கடைசியில் யோகநாதனின் ஆட்கள். எவரும் தனியாக நின்று வெல்ல முடியாது. ஆனால் எந்த இரண்டு சேர்ந்தாலும் மூன்றாவது கூட்டம் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

யோகநாதன் பதவிக்கு ஆசைப்பட்டது மாலை மரியாதைக்காக அல்ல. தண்ணீர் முறையைத் தீர்மானிப்பவர் தலைவர். மழையில்லாத சிறுபோகம் வந்தால் முதலில் தலைப்புக்கு, பிறகு நடுவுக்கு, மிச்சம்மீதி இவருக்கு. போன சிறுபோகம் அரைவாசி வயல் கருகிப்போனது. இந்த முறையும் கருகினால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மச்சானின் கடையில் சீனி நிறுக்க வேண்டும்.

"உங்களால உதெல்லாம் ஏலாது, விடுங்கோ" என்றாள் விமலேஸ்வரி.

அந்த ஒரு சொல் போதும். யோகநாதன் சைக்கிளை எடுத்தார்.

நல்லதம்பி வரம்பில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எனக்குக் கையைத் தூக்குங்கோ. முதல் தண்ணி உங்களுக்குத்தான். எனக்கு ரெண்டாவதே காணும்."

"அப்ப ராஜினிக்கு?"

"மூண்டாவது. கிடக்கட்டும்."

நல்லதம்பி வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "சரி, ஓம்" என்றார்.

யோகநாதன் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விமலேஸ்வரி வாசலிலேயே செய்தியோடு நின்றாள். "ராஜினியும் முதல் தண்ணி தாறனெண்டு சொல்லிப்போட்டாவாம். அதோட நல்லதம்பியண்ணையின்ர பக்கத்து வாய்க்கால் புல்லையும் வெட்டிக் குடுப்பாவாம்."

"உமக்கு ஆர் சொன்னது?"

"சங்கக்கடையில கதைச்சவை."

யோகநாதன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக ராஜினியிடம் போனார்.

"பிள்ளை, நல்லதம்பியை நம்பாதையும். முதல் தண்ணி உமக்கு. உம்மட பக்கத்துப் புல்லும் என்ர பொறுப்பு."

"புல்லு மட்டுமே யோகண்ணை? மண்ணும் எல்லே மேடாக் கிடக்கு."

"மண்ணையும் அள்ளுறன்!"

"அப்ப சரி."

அடுத்த நாள் விமலேஸ்வரி இன்னொரு செய்தி கொண்டுவந்தாள். நல்லதம்பி கோபித்துக்கொண்டு ராஜினிக்குத் தன் உழவு இயந்திரத்தையே கொடுக்கப் போகிறாராம். யோகநாதன் ஒருவரைப் பிடித்தால் மற்றவர் நழுவினார். நழுவியவரைப் பிடிக்க ஓடினால், பிடித்தவர் கையை விட்டுப் போனார். அந்தக் கிழமை முழுக்க அவருடைய சைக்கிள் சங்கிலி சூடு ஆறவில்லை.

கூட்டத்தன்று காலை, வேறு வழியில்லாமல் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். "கேளுங்கோ. அண்ணைக்கு முதல் தண்ணி. தங்கச்சிக்கு ரெண்டாவது. வாய்க்கால் முழுக்கப் புல்லும் மண்ணும் என்ர தலையில. இப்பவாவது கையைத் தூக்குவியளோ?"

கூட்டத்தில் இருவரும் தூக்கினார்கள். ஏகமனதான தெரிவு. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில், உடைந்த பாலத்தடியில், ஏதோ உறைத்து யோகநாதன் சைக்கிளை நிறுத்தினார்.

"வெண்டிட்டியளோ?" என்று ஓடிவந்தாள் விமலேஸ்வரி.

"ஓம்."

"எங்களுக்கு எத்தினையாவது தண்ணி?"

"மூண்டாவது."

"பழையபடிதான்?"

"பழையபடி எண்டு ஆர் சொன்னது? முந்தி அவை எங்களுக்கு மூண்டாவதைத் தந்தவை. இந்தமுறை நானா எல்லே எடுத்தனான்!"

விமலேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

கொடுத்த வாக்கை மீற முடியுமா? ஊர் சேர்ந்து வாய்க்கால் துப்புரவாக்கும் சிரமதானத்துக்குக் கூப்பிட்ட போதெல்லாம் "என்ர காணிக்கு முன்னால மட்டும்தான் வெட்டுவன்" என்று மல்லுக்கு நின்ற மனிதர், இப்போது மண்வெட்டியோடு தலைப்பில் இறங்கினார். தலைவரே இறங்கியதால் அவருடைய ஆட்களும் இறங்கினார்கள். அதைப் பார்த்து வெட்கப்பட்டோ என்னவோ, மற்ற இரண்டு கூட்டமும் இறங்கியது. புல்லும் மண்ணும் போன வாய்க்கால், கழுவி வைத்த தட்டம்போலக் கிடந்தது.

தண்ணீர் திறந்தார்கள். முதல் முறை போனது. இரண்டாவது போனது. மூன்றாவது முறைக்கு யோகநாதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வயல் வாயிலில் நின்றார்.

தண்ணீர் வந்தது. கசிந்து கசிந்து வரவில்லை, முழங்கால் அளவில் இரைந்துகொண்டு வந்தது. அவர் காணி வாங்கிய நாளில் இருந்து அப்படி வந்ததில்லை.

"விமலா! ஓடி வாரும்!" சந்தோசத்தில் சேற்றுக்குள் நின்று குதித்தார். "பாத்தீரே! ஏலாது எண்டீர். ரெண்டு பேரையும் மோத விட்டு வெண்டனான். இதுதான் அரசியல்!"

"ஓம், ஓம். முதல்ல முகத்தைக் கழுவுங்கோ, ஒரே சேறு."

யோகநாதன் வரம்புக்கு அந்தப் பக்கம் இறங்கிக் குனிந்து முகம் கழுவினார். அப்போது வாய்க்கால் கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் நல்லதம்பி. பின்னால் இருந்த ராஜினிக்கு விமலேஸ்வரி மட்டும்தான் தெரிந்தாள்.

"விமலாக்கா, நீங்கள் சொல்லித் தந்தபடியே நடிச்சம், தண்ணி வந்திட்டுது. இனி உந்தப் பாலத்தையும் கட்டோணும், யோகண்ணையை அடுத்ததா எந்தப் பதவிக்குப் போட்டி போட வைப்பம்?"