ஆஃப்சைடு விளக்குநர் உரிமம்

கண்ணாடிக்கடைக்காரர் வாழ்க்கையில் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணியிலிருந்து ஆறேகால் வரை தன்னிடம் யாரும் பேசக்கூடாது, அவ்வளவுதான். மற்ற ஆறு நாளும் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். ஆட்களை இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது அவர் தொழில். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்பார்கள். மறுபடி மாற்றுவார்.

ஆகவே ஏழாம் நாள், கால்பந்து மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்டில், பதினொன்றாம் வரிசையில், பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு ஆட்டம் பார்த்தார். சொந்த அணி பெரும்பாலும் தோற்றது. அதைப் பற்றி அவருக்குக் குறை இல்லை. தோற்பதை நிம்மதியாகப் பார்க்க முடிந்தது.

அந்த நிம்மதிக்குப் பின்னால், பன்னிரண்டாம் வரிசையில், ஒருநாள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார்.

மாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் இருபத்தாறு வருஷமாகப் பயிற்சிக் காரில் வாத்தியாருக்கென்று தனியாக வைத்திருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து, பதற்றம் வந்தால் வலது கால் தானாக நீளும். மைதானத்தில் பிரேக் இல்லாததால் கண்ணாடிக்கடைக்காரரின் நாற்காலி முதுகை மிதித்தார். காலைப் பொறுத்துக்கொள்ளலாம். வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. கோட்டோரத்தில் துணை நடுவர் கொடியைத் தூக்கினால் போதும், மாஸ்டர் விளக்கத் தொடங்கிவிடுவார்.

"இப்பப் பாருங்க. ஒரு லாரி போகுது. நீங்க பின்னாடி போறீங்க. ஓவர்டேக் பண்ணலாம், தப்பே இல்ல. ஆனா லாரிக்கு முன்னாடி போய் வண்டிய நிறுத்திட்டு, பந்து வரட்டும்னு காத்திருந்தா? அதான் ஆஃப்சைடு."

"அதுல லாரி யாரு மாஸ்டர்?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார்.

"லாரிதான் கோல்கீப்பர்."

அடுத்த வாரம் லாரி நடுவராக இருந்தது. அதற்கடுத்த வாரம் லாரியே இல்லை, ரயில்வே கேட் வந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரருக்கு விதி தெரியும். பந்து காலை விட்டுக் கிளம்பும் நொடியில் யார் எங்கே நின்றார்கள் என்பதுதான் விஷயம். அந்த நொடியைப் பற்றி மாஸ்டர் ஒரு வாரம்கூட வாய் திறக்கவில்லை.

ஒருமுறை திரும்பிச் சொல்லியும் பார்த்தார். "மாஸ்டர், கொஞ்சம் மெதுவாப் பேசினா நல்லது."

"உங்களுக்கும் கேக்கணும்னுதான் சார் சத்தமாச் சொல்றேன்" என்றார் மாஸ்டர், உண்மையான பிரியத்தோடு.

அந்தச் சமயத்தில் ரசிகர்களின் 'அனுபவத்தை' மேம்படுத்துவது எல்லா ஊர்களிலும் நாகரிகமாகி வந்தது. நம் கிளப்பும் பின்தங்கக்கூடாது என்று, ஸ்டாண்டுக்கு அடியில் பழைய வலைகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, 'சிறு எரிச்சல் நிவாரணப் பிரிவு' என்று பலகை மாட்டி, ஓர் அதிகாரியை உட்கார வைத்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு அங்கே போனார்.

"டீம் தோக்குதுன்னு வந்திருந்தா உள்ளயே விட்டிருக்க மாட்டேன் சார்" என்றார் நிவாரண அதிகாரி. "அது பெரிய எரிச்சல். கூரை ஒழுகறதும் பெரிய எரிச்சல். கழிப்பறையில தண்ணி வராதது நடுத்தரம். அது எந்தப் பிரிவுக்குன்னு இன்னும் முடிவாகல. நாங்க சிறுசு மட்டும்தான்."

"என்னோடது சிறுசுதாங்க."

"அத நாங்க சொல்லணும்."

படிவத்தில் அறுபத்திரண்டு வகை எரிச்சல்கள் அச்சாகியிருந்தன. முன்வரிசைக்காரர் எழுந்து நிற்பது. பத்து நிமிஷம் இருக்கும்போதே காலைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவது. அப்படிக் கிளம்பியவர் வாசலிலிருந்து போன் போட்டு "என்ன சத்தம், கோலா?" என்று கேட்பது. நாற்பத்தொன்றாவதாக, 'பின்னாலிருந்து விளக்கம்'. கண்ணாடிக்கடைக்காரர் அதில் கோடு கிழித்தார்.

"அவர் சொல்ற விளக்கம் சரியா, தப்பா?" என்று கேட்டார் அதிகாரி.

"தப்பு."

"தப்புன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கு விதி தெரியுமே."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அங்கதான் சிக்கல். விதி தெரிஞ்சவருக்கு விளக்கம் தேவையில்ல. தேவையில்லாதது காதுல விழுந்தா அது எரிச்சல் இல்ல சார், இரைச்சல். இரைச்சலுக்கு வேற பிரிவு, அது இன்னும் திறக்கல."

"சரி, எனக்கு விதி தெரியாதுன்னே வச்சுக்குங்க."

"தெரியாதவருக்கு விளக்கம் சேவை. சேவையப் பத்திப் புகார் எடுக்க மாட்டோம்."

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்திருக்கப் போனார். அதிகாரி கையமர்த்தினார். அந்த அறையில் மூன்று மாதத்தில் வந்த முதல் ஆள் அவர்தான். லேசில் விட மனமில்லை. "உங்க ரெண்டு பேர் விளக்கத்தையும் எழுத்துல வாங்கி நிபுணர் கருத்துக்கு அனுப்பறேன்" என்றார்.

நிபுணர் கருத்து ஆறு வாரம் கழித்து வந்தது. மாஸ்டர் எழுதிய பதினாலு பக்கம் 'தவறானது, ஆயினும் முயற்சி பாராட்டத்தக்கது'. கண்ணாடிக்கடைக்காரர் எழுதிய ஒரு வரி 'சரியானது, ஆயினும் போதிய நீளமின்மையால் ஏற்பதற்கில்லை'. இப்படித் தகுதியற்றவர்கள் கையில் ஒரு விதியை விட்டுவைப்பது ஆபத்து என்று கிளப் கவலைப்பட்டது. கவலைப்பட்டதும் சுற்றறிக்கை பிறந்தது.

'மைதான எல்லைக்குள் ஆஃப்சைடு விதியை வாய்மொழியாகவோ, சைகையாலோ, தண்ணீர் பாட்டில் முதலான பொருள்களை நகர்த்திக் காட்டியோ பிறருக்கு விளக்க விழையும் எவரும் உரிய தேர்வெழுதி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும்.'

கண்ணாடிக்கடைக்காரர் அதைக் கடைவாசலில் நின்று இரண்டு தடவை படித்தார். மாஸ்டர் வாய்க்குப் பூட்டு விழுந்தாயிற்று என்று வீட்டில் சொன்னார்.

"அவர் தொழில் என்னன்னு சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"டிரைவிங் ஸ்கூல்."

"லைசென்ஸ் எடுத்துக் குடுக்கறதுதானே அவருக்கு வேலையே?"

கண்ணாடிக்கடைக்காரர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மாஸ்டர் முதல் தேர்விலேயே முதலாவதாகத் தேறினார். விதி அவருக்கு அப்போதும் தெரியாது. ஆனால் தேர்வாளர்களைத் தெரியும். எந்த அலுவலகத்தில் எந்தக் கேள்வி வரும், எந்த இடத்தில் பணிவாகத் தலையாட்ட வேண்டும், எந்த இடத்தில் 'ஆகவே' போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மறுவாரமே டிரைவிங் ஸ்கூல் பலகையில் புது வரி ஏறியது: 'பன்னிரண்டே நாளில் ஆஃப்சைடு.'

ஜனம் மொய்த்தது. உரிமம் எடுத்தவர்கள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் 'உ.வி.' என்று போட்டார்கள், உரிமம் பெற்ற விளக்குநராம். மாப்பிள்ளை ஆட்டம் பார்ப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. துணை நடுவர்கள் வகுப்பில் சேர்ந்தார்கள். அப்புறம் ஆட்டக்காரர்களே சேர்ந்தார்கள்.

"அத்தான், ஸ்டாண்டுல நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றான் மனைவியின் தம்பி, தன் அட்டையைத் தடவிக்கொண்டே. "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஒரு தடவ எழுதிடுங்களேன்."

எழுதினார், வகுப்புக்குப் போகாமல். எழுத்துத் தேர்வில் அதே ஒரு வரி. செய்முறைத் தேர்வில் 'விதி அறியாப் பொதுமகன்' என்று கிளப் அலுவலக உதவியாளரை எதிரே உட்கார வைத்திருந்தார்கள். அதுவரை ஆயிரத்துச் சொச்சம் பேர் அவருக்கு விளக்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் நன்றாகவே ஆட்டம் தெரிந்தவர். இப்போது பந்து எது என்றே கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

"எனக்குப் புரியல சார், விளக்குங்க" என்றார் உதவியாளர், சோர்ந்த குரலில்.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பாவமாக இருந்தது. "விடுங்க. நாலு ஆட்டம் பேசாமப் பாருங்க, தானாப் புரியும்."

தேர்வாளர் சிவப்பு மையால் எழுதினார்: 'விண்ணப்பதாரரிடம் விளக்கும் மனப்பான்மை அறவே இல்லை. தோல்வி.'

அதோடு விட்டிருந்தாலும் சரி. உரிமம் இல்லாத ரசிகரைத் தனியே விடுவது அவருக்கே நல்லதல்ல என்று அடுத்த சுற்றறிக்கை வந்தது. அப்படிப்பட்டவருக்கு ஒரு விளக்குநர் ஒதுக்கப்படுவார். உரிமம் பெற்ற எவரும் ஒவ்வொரு கொடிக்கும் பக்கத்திலிருப்பவருக்கு விளக்கம் சொல்லி, கேட்டவரிடம் தன் கையேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் நூறு கையெழுத்து சேராவிட்டால் உரிமம் போய்விடும். கண்ணாடிக்கடைக்காரருக்கு மாஸ்டர் ஒதுக்கப்பட்டார். இப்போது பின்னால் இல்லை, பக்கத்திலேயே. மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நம்ம ரெண்டு பேருக்கும் என்னமோ பொருத்தம் சார்" என்றார்.

அந்த வருஷம்தான், யார் செய்த புண்ணியமோ, அணி கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல் முறை. எதிரே பக்கத்து ஊர் அணி. மைதானம் நிரம்பி வழிந்தது. எல்லார் கழுத்திலும் அட்டை, எல்லார் மடியிலும் கையேடு. எண்பத்தொன்பதாம் நிமிஷம் வரை கோல் இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கையாலும் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர் பெனால்டி பகுதிக்குள் நம் ஆட்கள் நாலு பேர் நுழைந்தார்கள். பந்து உயர்ந்தது. கொடியும் உயர்ந்தது.

நடுவர் விசில் ஊதவில்லை. துணை நடுவரைப் பார்த்தார். துணை நடுவர் உரிமம் பெற்றவர், விளக்க ஆரம்பித்தார். ஸ்டாண்டில் மூவாயிரம் பேர் சட்டென்று பக்கத்து ஆள் பக்கம் திரும்பி விளக்கி, கையேட்டை நீட்டினார்கள். பக்கத்து ஆளும் விளக்கிவிட்டுத் தன் கையேட்டை நீட்டினார். எதிரணி கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரரைத் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். டிவி கேமரா வழக்கம்போல, கூட்டத்தில் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிடுவதைக் காட்டிக்கொண்டிருந்தது.

எல்லாரும் மறுபடி திரும்பியபோது பந்து வலைக்குள் கிடந்தது.

யார் அடித்தது, எப்படிப் போனது, எங்கே நின்றபோது போனது, ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவர் மூவாயிரம் விளக்கங்களையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, முடிவை நிறுத்தி வைத்தார்.

புதன்கிழமை நிவாரண அதிகாரி கடைக்கே வந்துவிட்டார். வெளியே ஒரு கூட்டம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது.

"மூவாயிரத்தையும் படிச்சாச்சு சார். எல்லாரும் விதியத்தான் விளக்கியிருக்காங்க. நடந்தது என்னன்னு ஒருத்தரும் எழுதல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கொடி தூக்கினா விளக்க வேண்டிய கடமை உரிமம் வச்சிருக்கறவங்களுக்குத்தான். இல்லாதவர் நீங்க ஒருத்தர்தான். அப்ப ஆட்டத்தப் பாத்துட்டு இருந்தவரும் நீங்க ஒருத்தராத்தான் இருக்கணும்."

யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் அந்த நொடியில் கண்ணாடிக்கடைக்காரர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மாஸ்டர் பக்கம் திரும்பி, "எனக்குப் புரியுது, தயவுசெஞ்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளியே கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. கூட்டத்தில் மனைவியின் தம்பி இருந்தான், முதல் முறையாக அத்தானை அண்ணாந்து பார்க்கிற மாதிரி பார்த்தான். தேர்வில் சிவப்பு மை போட்டவர் இருந்தார். அவர்கள் கண்ணில் இவர்தான் உலகத்திலேயே அந்தக் கோலைப் பார்த்த ஒரே மனிதர்.

"பாத்தேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"கோல்தானா?"

"கோல்தான்."

"ஆஃப்சைடு இல்லையே?"

அவர் கை தானாக மேஜைக்குப் போனது. துடைக்கிற துணியை விரித்தார். கண்ணாடிக் கூடுகளை அங்கங்கே நிறுத்தினார். கருப்புக் கூடு கோல்கீப்பர், பழுப்புக் கூடு கடைசித் தடுப்பாட்டக்காரர். திருகாணியைப் பந்து ஆக்கினார். இருபத்தைந்து நிமிஷம் பேசினார். பார்த்த ஆட்டங்களைப் பற்றி அவருக்கு இத்தனை வருஷத்தில் ஒரு வரிக்கு மேல் வந்ததில்லை. பார்க்காததைச் சொல்ல ஆரம்பித்ததும் வார்த்தை கொட்டியது. இடையில் ஒரு 'ஆகவே'கூட வந்தது. முடித்தபோது அதிகாரியின் கண் கலங்கியிருந்தது. பையிலிருந்து உரிமத்தை எடுத்து, தேர்வில்லாமலே கையெழுத்திட்டு, அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

கோப்பை நம் ஊருக்கு வந்தது. திறந்த வேனில் ஊர்வலம். கண்ணாடிக்கடைக்காரரை ஆட்டக்காரர்களோடு நிற்க வைத்தார்கள். மாஸ்டர் வேனுக்கு முன்னால் நடந்து, போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனார். ஜனம் பூவை வீசியது. கோல் அடித்தவர் என்று அறிவிக்கப்பட்ட ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தார். காதோடு காதாகப் பேசினார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் அப்ப அவங்க ஆளுக்கு ஆஃப்சைடு விளக்கிட்டு இருந்தேன். கையேட்டுல கையெழுத்து வாங்கக் குனிஞ்சேன், முதுகுல என்னமோ பட்ட மாதிரி இருந்துச்சு. நீங்கதான் பாத்தீங்களாமே. நான் அந்த கோல எப்படி சார் அடிச்சேன்?"

கண்ணாடிக்கடைக்காரர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். இடது காலை ஊன்றியது, உடம்பைச் சாய்த்தது, கோல்கீப்பர் வலப்பக்கம் நகர்வதை ஓரக்கண்ணால் கவனித்தது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார்.

ஒன்பதாம் எண் இடது காலை ஒருமுறை ஊன்றிப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார். "நீங்க சொன்னப்புறம்தான் ஞாபகம் வருது."